கண்ணாடிக் கூண்டா, கைப்பிடியா?

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நினைவிருக்கும். ஒரு குளியல் தொட்டி. குழாயைத் திறந்தால் 20 நிமிடத்தில் நிரம்பும். அடியில் இருக்கும் அடைப்பானைப் பிடுங்கினால் 30 நிமிடத்தில் காலியாகும். குழாயையும் திறந்துவிட்டு அடைப்பானையும் பிடுங்கிவிட்டால் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம்?

விடை 60. ஒரு மணி நேரம் தண்ணீரை இப்படி வீணடிக்கும் மடையன் யார் என்று எங்களில் ஒருவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிரம்படி. வகுப்பில் முப்பது பேர் இருந்தோம். தொட்டியைக் கண்ணால் பார்த்தவன் ஒருவன்கூடக் கிடையாது. எல்லாரும் கிணற்றடியில் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டவர்கள். 'பெஞ்ஞுவார்' என்றால் ஏதோ படகு மாதிரி இருக்கும் என்று என் பக்கத்தில் இருந்தவன் சொன்னான். நானும் நம்பினேன்.

அந்தப் படகு பிற்பாடு எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியவர். 1974-ல் குருசுக்குப்பத்தில் இந்த வீட்டைக் கட்டியபோது, குளியலறையில் செங்கல் மேடை கட்டி, அதன் மேல் எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டியை உட்கார வைத்தார். தெருவே வந்து பார்த்தது. பிள்ளையில்லாத அவர் வீட்டை எனக்கு எழுதி வைத்தார். தொட்டியும் சேர்ந்து வந்தது.

பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்கு என்ன விலை என்பதைத்தான் இன்று எழுதுகிறேன்.

தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து இரண்டு அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. ஐம்பது வயதில் அது ஒரு பொருட்டே இல்லை. எழுபதில் அது ஒரு மதில். என் மனைவி மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என்னங்க, இதை எடுத்துட்டு சாதாரணமா ஒரு ஷவர் போடுங்க. கால் தூக்க முடியலை." நான் ஒவ்வொரு முறையும் சொன்ன பதில்: "மெதுவா இறங்கு." இந்த இரண்டு சொல்லுக்குச் செலவு கிடையாது. அதனால்தான் மூன்று வருடம் சொன்னேன்.

போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அவள் மெதுவாகத்தான் இறங்கினாள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் துண்டு போடும் கம்பியைப் பிடித்திருக்கிறாள். கம்பி சுவரிலிருந்து கழன்று கையோடு வந்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனைக்கு 58,000 ரூபாய். சமையலுக்கு ஆள் வைத்தது மாதம் 9,000 வீதம் மூன்று மாதம், 27,000. ஆக 85,000. இது மணிக்கட்டு. இடுப்பு எலும்பாக இருந்தால் தொகையும் வேறு, முடிவும் வேறு. என்னோடு அடுத்த மேசையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தவர். அதற்குப் பிறகு அவரை நடந்து பார்க்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு இன்னொன்று தெரிந்தது. என் மனைவி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குளித்துக்கொண்டிருந்தாள். அதுவும் வேலைக்கார அம்மா வரும்வரை காத்திருந்து. புதுச்சேரிப் புழுக்கத்தில், தினம் இரண்டு வேளை குளித்துப் பழகியவள். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, "குளிருது" என்று சொல்லியிருக்கிறாள். நானும் அதை நம்பினேன். படகை நம்பியவன்தானே!

சரி, தொட்டியை எடுப்பதென்று முடிவு செய்தோம். வேலையில் சேர்ந்தபோது வாங்கிய கம்யூட்டேஷன் பிடித்தம் 15 ஆண்டு முடிந்து, 2024-ல் எனக்கு முழு ஓய்வூதியம் திரும்பி வந்திருந்தது என்று எழுதப் போனேன். தவறு, கம்யூட்டேஷன் வாங்கியது ஓய்வு பெற்றபோது. வயது இப்படித்தான் கையைத் தட்டிவிடுகிறது. எப்படியோ, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது. லியோனில் இருக்கும் மகன் வீடியோவில் சொன்னான்: "அப்பா, நல்ல இடத்துல குடுங்க. பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க." பெரிய குளியலறைப் பொருள் கடை ஒன்றிலிருந்து டை கட்டிய ஒரு பையன் வந்தான். கைபேசியிலேயே அளவெடுத்தான். மூன்றாம் நாள் ஒரு வண்ணப் படமும் ஒரே வரியில் ஒரு தொகையும் வந்தன. 3,85,000 ரூபாய். அடியில் பொடி எழுத்தில், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. கூட்டிப் பார்த்தால் 4,54,300. அதில் எழுபது சதவீதம் முன்பணம்.

எட்டடிக்கு ஆறடி குளியலறை இது. அரண்மனை இல்லை.

நான் 38 வருடம் பில் பிரிவில் குப்பை கொட்டியவன். அளவு, விகிதம், தொகை என்று மூன்று பத்தி இல்லாத காகிதத்துக்கு எங்கள் அலுவலகத்தில் எஸ்டிமேட் என்று பெயர் இல்லை. பிரித்துக் கொடு என்று கேட்டேன். நான்கு முறை கேட்ட பிறகு வந்தது. கண்ணாடிக் கூண்டு, மழை போலக் கொட்டும் ஷவர், விளக்கு வைத்த பொய்க்கூரை, அலமாரியோடு வாஷ் பேசின், பளபளக்கும் பெரிய டைல்ஸ். கைப்பிடிக் கம்பி? இல்லை. உட்கார ஒரு பலகை? இல்லை. வாட்டர் புரூஃபிங்? "எல்லாம் அதுலயே அடங்கும் சார்." ஷவர் இடத்தைச் சுற்றி நாலு அங்குல உயரத்தில் ஒரு கட்டை மட்டும் உண்டு, தண்ணீர் வெளியே வராமலிருக்க. மதிலை இடித்துவிட்டு வரப்பு கட்டுவார்களாம். மதிலில் விழாதவர் வரப்பில் தடுக்கி விழட்டும் என்று போல.

இந்த ஊரில் குடியிருப்பவர் எவராவது கண்ணாடிக் கூண்டை வடிவமைத்திருப்பார்களா? கடலோரத்து ஆழ்குழாய்த் தண்ணீர் நமக்குத் தெரியும். ஒரு மாதத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளை படியும். தினம் அதைத் துடைப்பது யார்? எழுபத்தைந்து வயதுக்காரர். மழை ஷவரின் நூறு துளைகளும் உப்பு அடைத்து, தீபாவளிக்குள் இரண்டு துளை தண்ணீர் பீச்சும், அதுவும் வேறு திசையில். நாம் காசு கொடுத்து வாங்குவது குளியல் வசதி இல்லை, படம்.

இந்தப் பக்கம் இது. மறுபக்கம் நம் கொத்தனார். சுற்றிப் பார்த்துவிட்டு, "எம்பதாயிரம் ஆவும்யா. பாத்துக்கலாம்" என்றார். எதற்கு எண்பதாயிரம் என்று அவருக்கும் தெரியாது. நடுவில் அது ஒன்றரை லட்சமாகும். அப்போது சுவர் உடைந்து கிடக்கும், நாம் வாயைத் திறக்க முடியாது. ஒரே வரியில் நாலரை லட்சம் கேட்பவருக்கும், ஒரே சொல்லில் எண்பதாயிரம் கேட்பவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இருவருமே கணக்கை நம் கண்ணில் காட்டவில்லை.

பிரெஞ்சில் எஸ்டிமேட்டுக்கு 'தெவி' என்று பெயர். "முதலில் தெவி வாங்கணும்" என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு, தேவி யார் என்று என் மனைவி விசாரித்தாள். அன்று அவளிடம் தெவி என்றால் என்ன என்று விளக்கப் போய்த்தான் எனக்கே புத்தி வந்தது. இவ்வளவு பேரிடம் கேட்டேனே, குளிக்கப் போகிறவளிடம் கேட்டேனா?

பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா மகள், எனக்கு ஒரு வயது மூத்த அக்கா, தொட்டியை மாற்றி ஷவர் போட்டிருக்கிறாள். பிரான்சில் 2024 ஜனவரி 1 முதல் இதற்கென்றே அரசு உதவித் திட்டம் ஒன்று நடக்கிறது. எழுபது வயது தாண்டியவர்களுக்கு, வருமானம் குறைவாக இருந்தால், செலவில் 50 அல்லது 70 சதவீதம் அரசு கொடுக்கும். வரி நீங்கலாக 22,000 யூரோ வரையிலான வேலைகளுக்கு. பணத்தைவிட அதில் எனக்குப் பிடித்தது ஒரு நிபந்தனை. வேலை தொடங்குமுன் ஒருவர் வீட்டுக்கு வந்து, அங்கே வசிப்பவருக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று பார்த்து எழுத வேண்டும். முதலில் ஆள், பிறகுதான் சாமான். நம் ஊரில் இப்படி ஒரு விண்ணப்பப் படிவத்தை நான் பார்த்ததில்லை. படிவங்களோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். ஆனால் அந்த நிபந்தனையைக் கடைப்பிடிக்க நமக்குப் படிவம் எதற்கு?

என் மனைவியைக் குளியலறைக்குள் நிறுத்தி, தண்ணீர் இல்லாமல் குளிப்பதுபோல் செய்யச் சொன்னேன். எங்கே கை போகிறது, எங்கே திரும்புகிறாள், சோப்பு விழுந்தால் எப்படிக் குனிகிறாள். கை போன இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடச் சொன்னேன். சுவரில் மூன்று கோடு விழுந்தது. அதில் ஒன்று, அந்தப் பழைய துண்டுக் கம்பி கழன்ற ஓட்டைக்கு நேர் மேலே.

அந்த மூன்று கோடுதான் எங்கள் எஸ்டிமேட்டின் முதல் வரி. மற்றதை அதற்குப் பிறகு எழுதினேன். உபயோகப்படும் என்று முழுதும் தருகிறேன்:

கைப்பிடிக் கம்பி மூன்று, பொருத்துவது உட்பட: 7,500
மடக்கும் பலகை இருக்கை, சுவரில் பதித்தது: 6,500
தொட்டி, மேடை உடைத்து அகற்றுதல், குப்பை வண்டி: 14,000
தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் புதிதாக: 26,000
வாட்டர் புரூஃபிங், தண்ணீர் தேக்கிச் சோதனை: 18,000
தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ், பில்லோடு: 14,500
டைல்ஸ் ஒட்டும் கூலி, சிமெண்ட், மணல்: 24,000
கலவைக் குழாய், ஏற்றி இறக்கும் ஹாண்ட் ஷவர்: 11,500
மின்வேலை, கசிவு வந்தால் தானே நிற்கும் ஸ்விட்ச், இரவு விளக்கு: 9,000
கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுதல்: 5,000

கூடுதல் 1,36,000. பழைய வீடு என்பதால் எதிர்பாராச் செலவுக்கு 15 சதவீதம், 20,400. மொத்தம் 1,56,400.

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. கம்பி துருப்பிடிக்காத இரும்பு; கடற்காற்றுக்கு 304 போதாது, 316 ரகம் கேட்க வேண்டும். செங்கல் சுவரில் ஆழமாகத் துளைத்துப் பதிக்க வேண்டும். ரப்பர் வைத்து ஒட்டுகிற கம்பியை வாங்குவதற்குப் பதில் சும்மா இருக்கலாம். நம்பிப் பிடிக்காமலாவது இருப்போம். தரை டைல்ஸில் ஆர்-10, ஆர்-11 என்று வழுக்காத தன்மைக்குக் குறியீடு உண்டு. எண் கூடினால் பிடிப்புக் கூடும். நான் அதோடு விடவில்லை. கடையிலேயே ஒரு டைல்ஸைத் தரையில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றி ஏறி நின்றேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கதவு உட்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். வரப்பு வேண்டாம், மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு கொடுத்தால் தண்ணீர் தானே போய்விடும். இதையெல்லாம் அந்த நாலரை லட்ச ரூபாய்ப் படத்தில் ஒருவரும் வரையவில்லை.

பணத்தை நான்காகப் பிரித்தேன். கூலியில் 20 சதவீதம் ஆரம்பத்தில். குழாயும் வாட்டர் புரூஃபிங்கும் முடிந்து, வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, அடுத்த அறைச் சுவரில் ஈரம் வரவில்லை என்று பார்த்த பிறகு 30. டைல்ஸ் முடிந்ததும் 40. மீதி 10 ஒரு மாதம் குளித்துப் பார்த்த பிறகு. கொத்தனார், "இன்னாய்யா, இது கவர்மெண்ட் வேலையா?" என்றார். "இல்லை, வீட்டு வேலை. அதனாலதான்" என்றேன். சுவரை உடைத்ததும் 1974-ன் இரும்புக் குழாய் உளுத்துப் போய்ச் சிரித்தது. தொட்டி வரை மாற்ற 13,800. எதிர்பாராச் செலவு என்று எழுதி வைத்திருந்ததால் எதிர்பார்த்த செலவாகவே அது கழிந்தது. முடிவில் ஆனது 1,49,800.

பெரியப்பாவின் தொட்டியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய்க் காயலான் கடையில் போட்டார்கள். 3,000 கொடுத்தார்கள். அந்த நால்வருக்கும் பிரியாணிக்கும் கைச்செலவுக்கும் அது சரியாகப் போயிற்று. பழம்பொருள், விற்றால் நல்ல விலை போகுமே என்று இரண்டு நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். வாங்குகிறவர் வரும்வரை யார் அதைத் தாண்டுவது?

இனி நம் பக்கத்துக் குற்றத்துக்கு வருகிறேன். கடைக்காரர் விற்கத்தான் பார்ப்பார். பிள்ளைகள் தூரத்திலிருந்து பணத்தால் பாசம் காட்டத்தான் பார்ப்பார்கள். ஆனால் இந்த வேலையை உண்மையில் தடுப்பது நாம்தான். நாம் என்றால் வீட்டுப் பெரியவர், ஆண்பிள்ளை. அவர் வாயில் வரும் வாக்கியம் ஒன்றுதான்: "நமக்கு இன்னும் எத்தனை நாள்? இந்த வயசில் எதுக்கு இந்தச் செலவு?"

அதே வாயால் பேரனின் கல்யாணத்துக்கு மண்டபம் பேசும்போது ஒரு பேச்சுப் பேசமாட்டார். ஒரு பகல், ஒரு ராத்திரி, அலங்காரத்துக்கு மட்டும் லட்சம். அது மரியாதை. மனைவி தினமும் விழாமல் குளிப்பது ஆடம்பரம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்?

எத்தனை நாள் என்று கேட்கிறீர்களே, எண்ணியே பார்ப்போம். ஐந்து வருடம் என்று கஞ்சத்தனமாக வைத்துக்கொள்ளுங்கள். 1,49,800-ஐ 1,825 நாளால் வகுத்தால் நாளைக்கு 82 ரூபாய். நாங்கள் இரண்டு பேர், ஆளுக்கு 41. ஆண்டவன் பத்து வருடம் கொடுத்தால் அதிலும் பாதி. மருத்துவமனைக்கும் சமையல் ஆளுக்கும் கொடுத்த 85,000-ல் முக்கால்வாசி வேலையை முன்பே முடித்திருக்க மாட்டோம். ஆனால் பாதிக்கு மேல் முடித்திருப்போம். மணிக்கட்டும் முழுதாக இருந்திருக்கும்.

வாளியும் சொம்பும் போதாதா என்று கேட்பவர்களுக்குப் பாதி நியாயம் உண்டு. ஷவர் இல்லாமல் நம் முன்னோர்கள் அழுக்காக இருந்ததில்லை. கையில் காசு இல்லாதவர் தொட்டியை எடுத்து, வழுக்காத தரை போட்டு, இரண்டு கம்பி பதித்து, ஒரு முக்காலியும் வாளியும் வைத்துக்கொண்டால் நான் கைதட்டுவேன். ஆனால் ஒவ்வொரு சொம்புக்கும் குனிந்து நிமிர்வது தலைசுற்றல் உள்ளவருக்கு ஆகாது. உட்கார்ந்தபடி கையில் பிடித்து ஊற்றிக்கொள்ளும் ஹாண்ட் ஷவர் அதற்குத்தான். ஒரு ரப்பர் பாய் போடலாமே என்பவரிடம் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு வாரத்தில் அதன் அடியில் பாசி பிடிக்கும், ஓரம் சுருளும். வழுக்கலைத் தடுக்கப் போட்டது தடுக்கிவிடும்.

கௌரவம் என்பவர்களும் உண்டு. கைப்பிடிக் கம்பி போட்டால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடுமாம். ஐயா, கம்பி போடாவிட்டால்தான் ஆஸ்பத்திரி. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

என் மனைவி இப்போது இரண்டு வேளையும் குளிக்கிறாள். கதவைத் தாழிடுகிறாள், வெளியிலிருந்தும் திறக்கும்படியான தாழ். யாரையும் காத்திருக்கவில்லை. இதற்கு எந்தப் பத்தியில் தொகை எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை, எழுதாமல் விட்டுவிட்டேன்.

நண்பர்களே, நாளைக் காலையில் வீட்டம்மாவின் கையில் ஒரு சுண்ணக்கட்டியைக் கொடுங்கள். உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கை போகும் இடத்தில் கோடு போட்டுவிட்டு, அப்புறம் காகிதத்தை எடுங்கள். முதல் வரியில் கைப்பிடி. கண்ணாடி கடைசி வரியில். பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு 6,600 ரூபாய் மிஞ்சியது. கொல்லைப்புறப் படிக்கு ஒரு கைப்பிடி போட்டோம்.